பைக் என்று எழுதியது என் பிழை

1

நான் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கி இந்த வாரத்துடன் ஒரு வருடம் ஆகிறது. ஊரில் இதை வாசிப்பவர்கள் எங்கள் வீட்டுக்குப் போய் உம்மாவிடம் துக்கம் விசாரிக்க வேண்டாம். எனக்கு வேலை போகவில்லை. நெதர்லாந்தில் இஞ்சினியரும் சைக்கிளில்தான் போகிறார், அவருடைய மேலதிகாரியும் சைக்கிளில்தான் போகிறார், மழை பெய்தால் இருவரும் ஒரே அளவில் நனைகிறார்கள். இலங்கையில் எங்கள் ஊரான புத்தளத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "பாவம், பிள்ளைக்கு அங்க சரியான கஷ்டம் போல" என்று உம்மாவிடம் ஒரு மாமி சொல்லியே விட்டாராம்.

என் வேலை கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமொன்றில். கழிவுநீரை இறைக்கும் பம்பிகள் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த வேலை தந்த பழக்கத்தால் எதையும் பட்டியலாக எழுதிவைப்பேன். கடைக்குப் போகும் பட்டியல், ஊருக்குப் போகும் பட்டியல், உம்மாவிடம் சொல்லக் கூடாதவற்றின் பட்டியல். இங்கே எழுதப்போகிற கதையும் ஒரு பட்டியலால் வந்த வினைதான்.

2

இங்கேயிருந்து போன ஒல்லாந்தர் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கற்பிட்டியில் ஏன் கோட்டை கட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்வி வரும். வணிகம், கடற்பாதை, களப்பின் வாய் என்று எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். இங்கே வந்த பிறகு வேறொரு விடை கிடைத்தது. தட்டையான நிலம், பக்கத்தில் உப்புத் தண்ணீர், எந்தத் திசையில் போனாலும் எதிரே வரும் காற்று. அவர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்திருக்கும்.

வாப்பா இன்றும் அலுவலகத்தைக் கந்தோர் என்றுதான் சொல்வார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு கதவில் அதே சொல்லை அவர்களுடைய எழுத்தில் பார்த்தேன். பாதி மொழியை ஊரிலிருந்தே கொண்டுவந்துவிட்டேன் என்று பெரிய தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் அன்று மத்தியானமே பக்கத்து மேசைக்காரரிடம் கக்கூஸ் எங்கே என்று கேட்டேன். அதுவும் அவர்கள் நமக்குத் தந்துவிட்டுப் போன சொல்தான். ஆனால் இப்போது மரியாதையான ஆட்கள் அதை வாயில் எடுப்பதில்லை என்பது அவருடைய காது சிவந்த விதத்தில் தெரிந்தது. வழியை மட்டும் கையால் காட்டினார்.

சைக்கிள் எனக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வயதுவரை வாப்பாவின் சைக்கிளில் பாருக்குள்ளால் காலை விட்டு, தங்கச்சி ஸுமையாவைக் கெரியரில் ஏற்றிக்கொண்டு ஓடியவள். பெரிய பிள்ளையானதும் நிறுத்திவிட்டார்கள். பதினேழு வருடங்களுக்குப் பிறகு மறுபடியும் ஏறியபோது சமநிலை மறக்கவில்லை. தெரியாமல் போனது ஒன்றுதான். இங்கே திரும்புவதற்கு முன் கையை நீட்டிக் காட்ட வேண்டும். ஊரில் ஒரு பெண் ரோட்டில் கையை நீட்டினால் பஸ் நிற்கும். நான் ஹேண்டிலைப் பிடித்தால் கையை மறந்தேன், கையை நீட்டினால் ஹேண்டிலை மறந்தேன். முதல் மாதத்தில் மூன்று வேலிகளுக்குள் போனேன். பார்ப்பதற்கு அழகாகக் கத்தரித்த செடி வேலிகள். நம் கிடுகு வேலியைவிட நன்றாகக் குத்தும்.

3

நான்காவது மாதத்தில் சைக்கிள் காணாமல் போனது. ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கம்பத்தில் சங்கிலியால் கட்டிவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கம்பம் மட்டும் நின்றது.

திருட்டு என்று முறையிட நகரசபைக்குப் போனேன். சொல்ல வேண்டிய வசனத்தை பஸ்ஸில் போகும்போது முழுக்க மனப்பாடம் செய்தேன். அவர்களுடைய மொழியில் 'திருடப்பட்டது' என்ற சொல்லும் 'இறந்துவிட்டது' என்ற சொல்லும் ஒரு வயிற்றில் பிறந்தவை போலிருக்கும். கவுண்டரில் இருந்த மனிதரிடம் தெளிவாக, நிதானமாக, என் சைக்கிள் மௌத்தாகிவிட்டது என்று அறிவித்தேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "மிகவும் வருந்துகிறேன். அதற்கு என்ன வயது?"

"நான்கு மாதம்."

"சின்ன வயது," என்றார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

பிறகு ஒரு படிவம் தந்தார். நிறம்: கறுப்பு. இந்த நகரத்தில் எல்லாச் சைக்கிளும் கறுப்பு. விசேட அடையாளம் என்று ஒரு கட்டம் இருந்தது. யோசித்துவிட்டு, கெரியரில் நீல நைலோன் கயிறு சுற்றியிருக்கிறது என்று எழுதினேன். புத்தளத்தில் கெரியரில் கயிறு இல்லாத சைக்கிள் முழுமையான சைக்கிள் இல்லை. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் அவர் கணினியில் எதையோ தட்டி, "உயிரோடு இருக்கிறது" என்றார். திருடன் எடுக்கவில்லை, நகரசபைதான் தூக்கிக்கொண்டு போயிருந்தது. சைக்கிள் நிறுத்தக் கூடாது என்று பலகை போட்டிருந்த கம்பத்திலேயே நான் கட்டியிருந்தேன். நல்ல உறுதியான கம்பம், அதனால்தான் தேர்ந்தெடுத்தேன்.

4

இனி வாப்பாவின் கதை.

வாப்பா, வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறில், மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்திறங்கியவர். அப்போது அவருக்கு என் இன்றைய வயதுகூட இல்லை. முதலில் அகதி முகாம், பிறகு உப்பளத்தில் கூலி, பிறகு அதே உப்பளத்தின் கந்தோரில் உட்கார ஒரு கதிரை. உப்பு மூட்டை உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்து எழுதும் வேலை. அறுபது தாண்டியும் அந்தக் கதிரையை விட மாட்டேன் என்கிறார். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றர். பல வருடங்கள் சைக்கிளில் போனார். நான் இஞ்சினியராகி வேலையில் சேர்ந்த பிறகு த்ரீவீலில் போகத் தொடங்கினார். த்ரீவீலில் போய்க் கதிரையில் இருந்து, த்ரீவீலில் வந்து வீட்டுக் கதிரையில் இருப்பார்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவருக்கு வந்து எட்டு வருடம் இருக்கும். சென்ற வருடக் கடைசியில் ஒரு நாள் பின்னேரம் வாப்பா வீட்டுக்குள் நடந்து வர, நிலத்தில் இரத்தம் பூப்பூவாக விழுந்திருக்கிறது. ஸுமையாதான் கண்டாள். குதிகாலில் சிப்பித் துண்டொன்று ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று வாப்பாவுக்குத் தெரியவில்லை. அவருக்கு நோகவே இல்லை.

அந்தப் புண் ஆற இரண்டு மாதம் எடுத்தது. ஆறிய பிறகு கிளினிக்கில் டொக்டர் மூன்று விஷயங்கள் சொன்னார். சப்பாத்துப் போடாமல் வெளியே இறங்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும், அல்லது சைக்கிள் பெடலை உழக்க வேண்டும். இரண்டையும் செய்யாவிட்டால், அடுத்த புண்ணுக்கு விரலை வைத்திருக்க முடியுமா என்று அவரால் சொல்ல முடியாது.

வாப்பா மூன்றுக்கும் "ஓம் டொக்டர்" என்றாராம். வெளியே வந்து த்ரீவீலில் ஏறினாராம்.

"தாத்தா, நான் சொன்னா கேக்குறார் இல்ல," என்று ஸுமையா தொலைபேசியில் அழுதாள். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்பார்கள். "நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா பெரிய எடத்துச் சொல் மாதிரி."

5

பெரிய இடத்துச் சொல் என்னிடம் தயாராகவே இருந்தது. எங்கள் நிலையத்தில் வருடத்தில் ஒரு வாரம் எல்லோரையும் சைக்கிளில் வரச் சொல்வார்கள். அந்த வாரத்துக்கான அறிவித்தல் பலகைக்கு, சைக்கிளில் வருவதன் நன்மைகளை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டிருந்தார்கள். வேலிக்குள் விழுந்த பெண்ணே எழுதினால் எடுபடும் என்று நினைத்தார்களோ தெரியாது. அதை நானே தமிழாக்கி, நல்ல பெரிய எழுத்தில் வாப்பாவுக்கு அனுப்பினேன். அனுப்பியதை அப்படியே தருகிறேன்.

பைக்கில் வேலைக்குப் போவதன் நன்மைகள்

ஒன்று: காலையில் முகத்தில் நல்ல காற்றுப் படும்.
இரண்டு: பஸ்ஸுக்கோ த்ரீவீலுக்கோ காத்திருக்க வேண்டியதில்லை.
மூன்று: நினைத்த நேரம் புறப்படலாம், நினைத்த இடத்தில் நிற்கலாம்.
நான்கு: கால் நரம்புகளுக்கு வேலை கிடைக்கும்.
ஐந்து: சீனி கட்டுப்படும்.
ஆறு: மனம் உற்சாகமாக இருக்கும்.
ஏழு: வயது குறைந்தது போலிருக்கும்.

கீழே, "நானும் ஒவ்வொரு நாளும் பைக்கில்தான் போகிறேன் வாப்பா" என்று சேர்த்தேன்.

வாப்பா உடனே பதில் அனுப்பினார். "மாஷா அல்லாஹ். நல்ல யோசனை மகள்." இத்தனை சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். ஸுமையாவுக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாம் சொல்லும் விதத்தில்தான் இருக்கிறது என்று விளக்கம்கூடக் கொடுத்தேன்.

6

பத்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள். அதன் மேல் வெள்ளைச் சாரம் கட்டிய வாப்பா.

இதை வாசிக்கும் உங்களுக்கு எப்போதோ விளங்கியிருக்கும். எனக்குத்தான் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு விளங்கியது. நம் ஊரில் பைக் என்றால் எஞ்சின் உள்ளது. உழக்குவது சைக்கிள். ஐந்து வருடம் இந்தக் கந்தோரில் ஆங்கிலத்தில் கதைத்துக் கதைத்து, இரண்டுக்கும் நடுவில் இருந்த வேலியை நான் தொலைத்துவிட்டேன். புலம்பெயர்ந்தவர்கள் எழுதும்போது, பிள்ளைகள் தமிழை மறப்பதைப் பற்றி ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்தான்.

வேலையிலிருந்தே வீடியோ அழைப்பு எடுத்தேன்.

"எப்பிடி இருக்கு மகள்?" என்றார் வாப்பா.

"வாப்பா, இது என்னது?"

"பைக். கந்தோர்ல ஒருத்தர் விக்க இருந்தாரு. நீ எழுதினதப் பாத்த பொறகு இனி என்னத்துக்கு யோசிக்கிறதெண்டு எடுத்திட்டன்."

"நான் சைக்கிளத்தான் சொன்னன்!"

"நீ பைக்கெண்டு எழுதினாய். ஏழு நன்மையையும் கந்தோர்ல சத்தமா வாசிச்சன். எல்லாருக்கும் நல்லாப் புடிச்சிச்சு."

"கால் நரம்புக்கு வேலை கிடைக்குமெண்டு எழுதியிருக்கேனே. அதாவது விளங்கல்லயா?"

"கிக்கர் அடிக்கணுமே மகள். பழைய பைக். பத்துத் தரம் அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுது."

பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "வயசு குறையுமெண்டும் எழுதிவெச்சிருக்காய். கறுப்புக் கண்ணாடியும் வாங்கிட்டாரு உன்ட வாப்பா. கேளு!"

நான் பட்டியலை மனதுக்குள் ஓடவிட்டேன். காற்று, காத்திருக்காமை, நினைத்த இடத்தில் நிற்றல், உற்சாகம். சீனியைத் தவிர எல்லாமே மோட்டார் சைக்கிளுக்குத்தான் அதிகம் பொருந்தின. உழக்குதல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வேலையில் ஒரு பம்பிக்கு இப்படிக் குறிப்பு எழுதியிருந்தால் நகரமே நாறியிருக்கும்.

வாப்பா சிரிப்பதை நிறுத்தினார். "அப்ப நீ போறது சைக்கிள்லயா?"

"ஓம் வாப்பா."

"ஒவ்வொரு நாளும்?"

"ஓம்."

"இஞ்சினியர்?"

"இங்க எல்லாரும் அப்பிடித்தான் வாப்பா."

அவர் தொலைபேசியை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

7

மறுநாள் காலை ஒரு குரல்பதிவு வந்திருந்தது. பட்டியல் போடும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்ததென்று அன்றுதான் தெரிந்தது.

"மகள், நானும் எழுதலாமெண்டு பாத்தன். எழுதினா நீ வேற மாதிரி விளங்கிருவாய், அதால சொல்றன். ஒண்டு. கேம்பில சைக்கிள் ஒண்டு, ஆக்கள் மூண்டு பேர். சுபஹு தொழுதிட்டு உப்புக்குப் போறது நான். நான் திரும்பி வந்தாத்தான் மத்தவர் மீன் எடுக்கப் போகலாம். நான் பிந்தினா அவர்ட வீட்ல அடுப்பில்ல. நினைச்ச நேரம் போறது, நினைச்ச எடத்தில நிக்கிறதெல்லாம் எனக்குக் கிடைக்கல்ல. ரெண்டு. நீ பொறந்த அண்டைக்கு உம்மாவக் கெரியர்ல வெச்சு ஆஸ்பத்திரிக்கு உழக்கினது நான்தான். முகத்தில நல்ல காத்துப் பட்டிச்சுத்தான். மூண்டு. என்ட பிள்ள படிச்சு ஆளானா இந்தச் சைக்கிள வேலைக்கு எடுக்க மாட்டனெண்டு நெனச்சு வெச்சிருந்தன். நீ படிச்சாய். நான் விட்டன். இப்ப நீ அங்க போயி அதையே உழக்கிறாய். அவ்வளவுதான். ஏழு வரைக்கும் என்னட்ட இல்ல."

சுத்திகரிப்பு நிலையத்தின் சைக்கிள் கொட்டிலில் நின்று அதை இரண்டு தரம் கேட்டேன். எனக்கு அது உடற்பயிற்சி. அவருக்கு அது முகாம். டொக்டர் சொன்னது அவருக்குக் காது கேளாமல் இல்லை. மறுபடியும் அதில் ஏறுவதைத்தான் அவர் தாங்கவில்லை. ஆனால் குதிகாலில் சிப்பி ஏறினாலும் தெரியாத அந்தக் காலும் என் கண்ணுக்குள் நின்றது.

பின்னேரம் வீடியோ அழைப்பு எடுத்து, "மன்னிச்சிருங்க வாப்பா" என்றேன்.

"சரி, உன்ட சைக்கிளக் காட்டு," என்றார்.

8

என் சைக்கிளைப் பற்றி ஒரு தகவலை இதுவரை உங்களிடமும் சொல்லவில்லை. மேலே எழுதியதில் கவனமாகத் தவிர்த்திருக்கிறேன். நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. வாப்பா கண்டுபிடித்தார். மூன்று பேர் ஓடிய சைக்கிளைத் தனியாளாகப் பழுது பார்த்து வைத்திருந்த மனிதர்.

"அந்தக் கம்பில நீட்டுக்கு ஒரு பெட்டி இருக்கே, அது என்ன?"

"பெட்டரி வாப்பா."

"என்னத்துக்கு? லைட்டுக்கா?"

"லைட்டுக்கும்."

"லைட்டுக்கும் எண்டா?"

நான் கமராவை வேறு பக்கம் திருப்பிப் பார்த்தேன். பயனில்லை. "பெடல் இருக்கிற எடத்தில சின்ன மோட்டார் ஒண்டு இருக்கு. நாங்க உழக்கினா அதுவும் சேந்து உழக்கும்."

வாப்பாவின் முகம் திரையை நிறைத்தது. "மோட்டார் இருக்கு?"

"கொஞ்சம்."

"அப்ப அது பைக்தானே மகள்! நீ சரியாத்தான் எழுதியிருக்காய்!"

ஸுமையா சிரிக்கும் சத்தம், உம்மா "என்னவாம், என்னவாம்" என்று கேட்கும் சத்தம், பிறகு வாப்பாவும் சிரித்தார். சிரித்து முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு ஒப்பந்தம் பேசினார்.

"அந்த மோட்டார நிப்பாட்ட ஏலுமா?"

"ஏலும். பூச்சியத்தில வெச்சா வேலை செய்யாது."

"அப்ப நீ பூச்சியத்தில வெச்சு உழக்கு. நானும் சைக்கிள எடுக்கிறன். இந்த மோட்டாருக்கு மேல இருந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்லாத. ஒரு நாள் நீ ஏமாத்தினா, நான் பைக்குக்குப் போயிருவன்."

"சப்பாத்தும் போடணும்."

"சாரத்துக்குச் சப்பாத்துப் போட்டா ஆக்கள் சிரிப்பாங்க."

"நான் வேலிக்குள்ள விழுந்து எத்தின பேர் சிரிச்சாங்க."

"சரி," என்றார் வாப்பா.

சிவப்பு பைக்கை ஸுமையாவின் மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார், முகத்தில் காற்றுப் படுவதற்காக. வாப்பாவின் பழைய சைக்கிள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதை ஸுமையா எடுத்துக் கழுவி, டயர் இரண்டையும் மாற்றினாள்.

9

ஒப்பந்தம் தொடங்கி இன்று நான்காவது நாள்.

மோட்டார் இல்லாத ஏழு கிலோமீற்றர் பற்றிச் சில வார்த்தைகள். இந்த வண்டி மோட்டாரும் பெட்டரியும் சேர்ந்து ஒரு ஆட்டுக்கடாவின் பாரம் இருக்கும். மோட்டார் நின்றதும் அந்தக் கடாவைக் கெரியரில் ஏற்றிக்கொண்டு போவது போலிருக்கிறது. முதல் நாள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை என்னை முந்திப் போனது. இரண்டாம் நாள் ஒரு கர்ப்பிணிப் பெண். ஒரு வருடமாக நான் என் கால்களைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம் முழுவதும் அந்தப் பெட்டரியைப் பற்றியது என்று தெரிந்தது.

ஒவ்வொரு காலையும் பூச்சியம் தெரியும்படி கைப்பிடித் திரையைப் படமெடுத்து வாப்பாவுக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. "கால் சுகமில்லயாம், நாளைக்காம்" என்றாள் ஸுமையா. அடுத்த நாளும் நாளைக்காம்.

இன்று நல்ல காற்று. படத்தை வீட்டு வாசலிலேயே எடுத்து அனுப்பிவிட்டு, முதலாவது திருப்பத்தில் மோட்டாரை இரண்டாம் நிலைக்குப் போட்டேன். அவரே தொடங்கவில்லை, நான் மட்டும் எதற்கு என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன். வழியில் வரும் பெரிய பாலத்தில் சுகமாக ஏறிக்கொண்டிருந்தபோது பையில் தொலைபேசி அதிர்ந்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தேன்.

ஒரு படம். பெடலின் மேல் ஒரு கறுப்புச் சப்பாத்து, அதற்கு மேல் மடித்துக் கட்டிய சாரம். நிலத்தில் உப்பு வெள்ளையாகக் கிடந்தது. கீழே ஒரு குரல்பதிவு.

"மகள், கந்தோருக்கு வந்திட்டன். வந்தது காலையில, மூச்சு இப்பத்தான் வந்திச்சு. சோளகக் காத்து சும்மா போட்டுத் தள்ளுது. ஒருத்தன் சப்பாத்தப் பாத்துச் சிரிச்சான். சிரிக்கட்டும். நீயும் அத நிப்பாட்டிட்டுத்தானே போறாய்?"

அனுப்ப வேண்டிய பதில் ஒரே ஒரு சொல். அதைத் தட்டிவிட்டு, அனுப்பாமல் வைத்துக்கொண்டு, பொத்தானை இரண்டு தரம் அழுத்தினேன். திரையில் பூச்சியம் வந்தது. இன்னும் மூன்று கிலோமீற்றர் இருந்தது, பாலத்தின் பாதி ஏற்றமும் இருந்தது.

"ஓம் வாப்பா" என்று அனுப்பிவிட்டு உழக்கத் தொடங்கினேன்.